பின்வாங்கிப்போன பிறகு: திரும்பிவரத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜெபிக்க முழங்காலிட்டால் இரண்டு நிமிடங்களுக்கு மேல் வார்த்தை வருவதில்லை. வேதத்தைத் திறந்தால் எழுத்துகள் கண்ணில் படுகின்றன, மனதில் இறங்குவதில்லை. ஆராதனையில் எல்லாரும் பாடும்போது, பாட்டு முழுவதும் மனப்பாடமாக இருந்தும், வாய் திறக்க மனம் ஒப்புவதில்லை. இந்த நிலையில் இருக்கும் ஒருவர், "எனக்குள் இருந்த ஏதோ ஒன்று போய்விட்டது, அது திரும்பி வருமா?" என்று துணிந்து கேட்டால், "இன்னும் அதிகமாக ஜெபியுங்கள்" என்ற அறிவுரையோ, சங்கடமான மௌனமோதான் பெரும்பாலும் பதிலாகக் கிடைக்கிறது. இரண்டும் அவரை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுகின்றன.

வரும் என்பதே கிறிஸ்தவ விசுவாசத்தின் விடை. ஆனால் எது திரும்பி வரும், எது வராது, எந்த வரிசையில் வரும் என்பவற்றைத் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது. மகிழ்ச்சி முதலில் வரும் என்று எதிர்பார்த்துப் புறப்படுகிறவர்கள் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நானும் ஒருமுறை அப்படி உட்கார்ந்தவன்தான். உறவு முதலில் சீராகிறது, பழக்கங்கள் அதற்குப் பின் ஊன்றுகின்றன, உணர்வு கடைசியில் வந்து சேருகிறது. கீழே உள்ள படிகள் அந்த வரிசையை ஒட்டியே அமைந்துள்ளன.

முதற்படி: எதை இழந்தீர்கள், எப்படி இழந்தீர்கள் என்று எழுதுங்கள்

"பின்வாங்கிப்போய்விட்டேன்" என்ற ஒரே சொல்லுக்குள் நாம் எல்லா இழப்புகளையும் அடக்கிவிடுகிறோம். மருத்துவரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லி மருந்து கேட்பதற்கு ஒப்பானது இது. ஒரு தாளை எடுத்து, இழந்தது இன்னதென்று பெயர் சொல்லி எழுதுங்கள்: ஜெபிக்கும் பழக்கமா, தேவன் அருகில் இருக்கிறார் என்ற உணர்வா, சபையோடு இருந்த ஐக்கியமா, ஒரு ஊழியப் பொறுப்பா, சுத்தமான மனச்சாட்சியா, அல்லது தேவன் நல்லவர் என்ற நம்பிக்கையேவா? அதன் எதிரே, அது எப்போது முதல் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானோருக்கு நாள் நினைவிருக்காது, பருவம் நினைவிருக்கும், அதுவே போதும்.

பிறகு, இழந்த வழியைப் பாருங்கள். நான் கண்ட அளவில் அது நான்கு வகைப்படும். தெரிந்தே செய்த பாவத்தினால் வந்த இழப்பு ஒன்று. தாவீதின் 51ஆம் சங்கீதம் அதைப் பற்றியது. களைப்பினாலும் கவனக்குறைவினாலும் மெல்ல மெல்ல வடிந்துபோனது இன்னொன்று. ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டதாக வெளிப்படுத்தின விசேஷம் 2ஆம் அதிகாரத்தில் எபேசு சபையைப் பற்றிச் சொல்லப்படுவது இதுதான், அந்தச் சபை உழைப்பிலோ பொறுமையிலோ குறைந்திருக்கவில்லை என்பது அதில் கவனிக்கத்தக்கது. மரணத்தாலோ நோயாலோ அடிபட்டு, ஜெபம் கேட்கப்படவில்லை என்ற கசப்பில் நின்றுபோனது மூன்றாவது. சபையில் இருந்தவர்களாலேயே காயப்பட்டது நான்காவது.

இந்தப் பிரிவினை எதற்கு என்றால், நான்குக்கும் மருந்து ஒன்றல்ல. துக்கத்தில் இருப்பவரை மனந்திரும்பச் சொல்வது கொடுமை. பாவத்தில் இருப்பவரை ஓய்வெடுக்கச் சொல்வது அவரை ஏமாற்றுவது. பிறர் இழைத்த அநியாயத்தால் காயப்பட்டவர், அந்தக் குற்றத்தைத் தம் மேல் சுமந்துகொண்டு அறிக்கை செய்ய முயல்வது வீண் பாரம். ஐந்தாவதாக ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: எந்தக் குற்றமும் இல்லாமலேயே வறட்சி வருவதுண்டு. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சிலுவை யோவான் என்ற கார்மேல் சபைத் துறவி, இந்த இருளை ஆன்மாவின் இரவு என்று அழைத்து, உணர்வுகளின் பாலைக் குடித்து வளர்ந்த பிள்ளையைத் தேவன் கையிலிருந்து இறக்கி நடக்கப் பழக்கும் காலமாக அதை விளக்கினார். உங்கள் தாளில் எந்தக் காரணமும் எழுத முடியவில்லையென்றால், இல்லாத பாவத்தைத் தோண்டித் தேடாதீர்கள்.

இரண்டாம் படி: வாக்குத்தத்தத்தை உள்ளபடி படியுங்கள்

இழந்தவர்களுக்கு எடுத்துச் சொல்லப்படும் வசனங்களில் முதலிடம் யோவேல் 2:25க்குத்தான். வெட்டுக்கிளிகளும், பச்சைக்கிளிகளும், முசுக்கட்டைப்பூச்சிகளும், பச்சைப்புழுக்களும் பட்சித்த வருஷங்களின் விளைவைத் திரும்ப அளிப்பேன் என்று கர்த்தர் அங்கே சொல்லுகிறார். (புதிதாக வாசிக்கிறவர்களில் சிலர் பச்சைக்கிளி என்றதும் பறவையை நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே அது பயிரைத் தின்னும் பூச்சிதான். நான்கு பெயர்களும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை.) அதே புத்தகத்தின் முதல் அதிகாரத்தில் ஒன்று விட்டதை அடுத்தது தின்றதாக வருகிறது. ஆவிக்குரிய இழப்பும் பெரும்பாலும் அப்படித்தான் நேருகிறது: முதலில் ஜெபம் போகிறது, ஜெபம் போனதால் மிச்சமிருந்த பொறுமை போகிறது, பொறுமை போனதால் உறவுகள் போகின்றன.

இந்த வசனத்தில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இது தனியாக நிற்கும் வசனம் அன்று. அதற்குப் பன்னிரண்டு வசனங்களுக்கு முன்னால், வஸ்திரங்களையல்ல, இருதயங்களைக் கிழித்துக் கர்த்தரிடத்தில் திரும்புங்கள் என்ற அழைப்பு இருக்கிறது. அழைப்பை விட்டுவிட்டு வாக்கை மட்டும் சுவரில் மாட்டிவைப்பதில் பயனில்லை. இரண்டாவது, எபிரெய மூலம் "வருஷங்களை ஈடுசெய்வேன்" என்றே சொல்லுகிறது. திருடியவன் ஈடு கொடுக்க வேண்டும் என்று யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தில் வரும் அதே வினைச்சொல் அது. தமிழில் மொழிபெயர்த்தவர்கள் "வருஷங்களின் விளைவை" என்று பொருள் விளங்க எழுதினார்கள். எனக்கு அது பெரிய உதவியாக இருந்தது. கடந்துபோன ஆண்டுகள் நாட்காட்டியில் திரும்ப வருவதில்லை. அந்த ஆண்டுகளில் விளைந்திருக்க வேண்டியது வேறொரு வயலில், வேறொரு பருவத்தில் விளையலாம். இந்த வசனத்தை இழந்த பணத்துக்கும் பதவிக்கும் உத்தரவாதமாகப் பிரசங்கிக்கக் கேட்டிருப்பீர்கள். யோவேல் பேசுவது தண்டனைக்குப்பின் தம் ஜனத்தோடு மறுபடியும் வாசம்பண்ணும் தேவனைப் பற்றி என்பதை 27ஆம் வசனம் வரை வாசிக்கிற எவரும் கண்டுகொள்ளலாம்.

மூன்றாம் படி: உடம்பைக் கவனியுங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். 1 இராஜாக்கள் 19இல் தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவை வேண்டினபோது, தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்து, தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் தேவன் அவனோடு பேசியது அதற்கு 40 நாள் கழித்துத்தான். ஆகையால் ஒழுங்கான உறக்கத்தையும் உணவையும் இரண்டு வாரமாவது சரிசெய்த பிறகே உங்கள் ஆவிக்குரிய நிலையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் எதிலும் ஈடுபாடு இல்லாமலும், உறக்கமில்லாமலும், சாவைப் பற்றிய எண்ணங்களோடும் இருப்பவர் தாமதிக்காமல் மருத்துவரையும், நம்பிக்கையான ஒருவரையும் நாட வேண்டும். அப்படிச் செய்வது விசுவாசக் குறைவு என்று சொல்லுகிறவர்களுக்குச் செவிகொடுக்க வேண்டாம்.

இதோடு சேர்த்து ஒரு பழைய விதியையும் கடைப்பிடியுங்கள். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார், ஆறுதலற்ற காலத்தில் முன்பு எடுத்த தீர்மானங்களை மாற்றக் கூடாது என்று கற்பித்தார். இருட்டில் இருக்கும்போது சபையை விட்டு விலகுவது, ஊழியத்தை ராஜினாமா செய்வது, நீண்ட நாள் உறவை முறிப்பது போன்ற முடிவுகளை எடுக்காதீர்கள். ஒருவர் உங்களுக்குத் தீங்கு செய்துகொண்டிருக்கும் இடத்திலிருந்து விலகுவது இதற்கு விதிவிலக்கு. அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை.

நான்காம் படி: சிறிய ஜெபத்தோடும் புலம்பலோடும் தொடங்குங்கள்

முன்பு ஒரு மணி நேரம் ஜெபித்தவர், திரும்பிவரும் முதல் நாளிலேயே ஒரு மணி நேரம் ஜெபிக்க முயன்று, பத்தாம் நிமிடத்தில் மனம் அலைந்து, மறுநாள் குற்றவுணர்வோடு விட்டுவிடுகிறார். இதுதான் மிகவும் பரவலான தவறு. கால் முறிந்து கட்டு அவிழ்த்தவர் மறுநாளே ஓடுவதில்லை. நாளுக்குப் பத்து நிமிடம், ஒரே இடம், ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனம் கேட்டாலும் முதல் மாதத்தில் அதைக் கூட்டாதீர்கள்.

என் வேதப் புத்தகத்தை நெடுநாள் கழித்துத் திறந்தபோது, அதன் நாடா எண்ணாகமத்தில், கோத்திரங்களைத் தொகையிடும் பக்கத்தில் கிடந்தது. ஓராண்டில் வேதம் முழுவதையும் வாசித்துவிடுவதாகத் தொடங்கி, அந்த இடத்தில் நின்றுபோயிருக்கிறேன். நாடா கிடந்த இடத்தில் தாளின் மேல் மங்கலான சிவப்புக் கோடு படிந்திருந்தது. விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்ற பிடிவாதத்தில் மறுபடியும் தொகைக் கணக்கையே வாசித்தேன். நான்கு நாளில் மூடிவைத்துவிட்டேன். விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள் என்பதை அந்த நாடாவிடம் கற்றேன்.

சங்கீதங்களில் தொடங்குங்கள். 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தேவனிடமே முறையிடும் 13ஆம் சங்கீதம் ஆறே வசனங்கள் கொண்டது. பாவத்தினால் இழந்தவர்களுக்கு, திருச்சபை நெடுங்காலமாக மனஸ்தாப சங்கீதங்கள் என்று குறித்துவைத்திருக்கும் ஏழு உண்டு: 6, 32, 38, 51, 102, 130, 143. நாளுக்கு ஒன்றாக ஒரு வாரத்துக்குச் சரியாக வரும். துக்கத்தினால் இழந்தவர்கள் 42, 43, 77, 88 ஆகியவற்றை வாசிக்கலாம். 88ஆம் சங்கீதம் ஒரு நம்பிக்கை வார்த்தையும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதை எழுதியவரை யாரும் வேதத்திலிருந்து நீக்கிவிடவில்லை என்பதை நினைத்துக்கொண்டே வாசியுங்கள். இருளுக்குள்ளிருந்தும் அவர் "கர்த்தாவே" என்றுதான் அழைக்கிறார்.

சொந்த வார்த்தை வராத நாளில் பிறர் சொன்ன ஒரு வரியைக் கடன் வாங்குங்கள். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று மாற்கு 9இல் ஒரு தகப்பன் கண்ணீரோடு கதறினான். "தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று லூக்கா 18இல் வரி வசூலிக்கும் ஆயக்காரன் ஒருவன் சொன்னான். இரண்டு ஜெபங்களும் ஒரே மூச்சில் முடிபவை, இரண்டும் கேட்கப்பட்டவை.

ஐந்தாம் படி: அறிக்கை, அதன் பின் ஈடுசெய்தல்

இந்தப் படி பாவத்தினால் இழந்தவர்களுக்கு உரியது. மற்றவர்கள் இதைத் தாண்டிச் செல்லலாம். "நான் பெரிய பாவி" என்று பொதுவாகச் சொல்வது எளிது, அதனால் பயன் குறைவு. செய்ததை, அதன் பெயரைச் சொல்லி, சாக்குச் சேர்க்காமல் தேவனிடம் சொல்லுங்கள். நாம் அறிக்கையிட்டால் அவர் மன்னிக்க "உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்" என்று 1 யோவான் 1:9 சொல்லுகிறது. இரக்கமுள்ளவர் என்று சொல்லியிருந்தாலே நமக்குப் போதுமாயிருந்திருக்கும். நீதியுள்ளவர் என்று சொல்வதன் பொருள், கிறிஸ்து ஏற்கெனவே கடனைச் செலுத்திவிட்டபடியால், மன்னிப்பது அவருக்கு நியாயமான காரியம் என்பதாகும்.

மறைவாகவே வைத்திருக்கும் பாவம் திரும்பத் திரும்ப இழுக்கும் என்பதால், ஒரு மனிதரிடமாவது சொல்லுங்கள் என்பது என் உறுதியான பரிந்துரை. கத்தோலிக்கருக்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. அங்கே கேட்டதைக் குரு எவரிடமும் வெளியிடக் கூடாது. வழிபாட்டு முறையில் பொது அறிக்கை சொல்லும் சபைகளிலும் போதகரைத் தனியே சந்தித்து அறிக்கை செய்ய வழியுண்டு. மற்றவர்களுக்கு, குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லும் யாக்கோபு 5:16 இருக்கிறது. யாரிடம் சொல்வது என்பதில் அவசரப்படாதீர்கள். பிறருடைய இரகசியத்தை உங்களிடம் சொன்னவர் உங்கள் இரகசியத்தையும் வேறொருவரிடம் சொல்லுவார், அவரை விட்டுவிடுங்கள். கேட்டவுடன் அதிர்ச்சியடையாதவராகவும், கேட்டதைச் சிறிதாக்காதவராகவும் ஒருவர் கிடைத்தால் அவரைப் பற்றிக்கொள்ளுங்கள்.

பிறருக்கு நஷ்டம் செய்திருந்தால் அதை ஈடுசெய்வது இந்தப் படியின் மறுபாதி. லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தின்படி, அபகரித்ததைத் திருப்பிக் கொடுப்பவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். ஆயக்காரனான சகேயு நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காகக் கொடுத்தான். கவனிக்க வேண்டியது வரிசை: இயேசு அவன் வீட்டுக்கு வந்த பிறகுதான் அவன் கொடுத்தான், கொடுத்ததால் அவர் வரவில்லை. மன்னிப்புக் கேட்கப் போகும்போது, எதிரிலிருப்பவர் உடனே மன்னிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அவர் மன்னிக்காமலும் இருக்கலாம், அதற்கு அவருக்கு உரிமையுண்டு. உங்கள் வரவே அவரை மறுபடியும் காயப்படுத்தும் என்று தெரிந்தால் போகாமல் இருப்பதுதான் நல்லது.

இடையில் வரும் பயம்

இந்தக் கட்டத்தில் ஏறத்தாழ எல்லாருக்கும் ஒரு வசனம் கண்ணில் படும். எபிரெயர் 6:4 முதல் 6 வரை, ஒருதரம் பிரகாசிப்பிக்கப்பட்டு மறுதலித்துப்போனவர்களைப் புதுப்பிப்பது கூடாத காரியம் என்று சொல்லுகிறது. இதன் பொருளைப் பற்றிச் சபைகளுக்குள் நெடுநாளாக ஒத்த கருத்து இல்லை. உண்மையான விசுவாசி இறுதியாக விழுந்துபோக முடியாது என்று கற்பிக்கிறவர்கள் இதை ஓர் எச்சரிக்கையாகவும், விழுந்துபோக முடியும் என்கிறவர்கள் நேரிடக்கூடிய ஆபத்தாகவும் வாசிக்கிறார்கள். அந்த விவாதத்தை நீங்கள் இன்று தீர்க்க வேண்டியதில்லை. இரு தரப்பாரும் ஒப்புக்கொள்வது ஒன்று: இங்கே பேசப்படுவது கிறிஸ்துவை வேண்டாமென்று தள்ளிவிட்டவர்களைப் பற்றி, அவரிடம் திரும்பிப் போக முடியாதோ என்று கலங்கி அழுகிறவர்களைப் பற்றியன்று. மூன்று வசனங்கள் தள்ளி, 9ஆம் வசனத்தில், "பிரியமானவர்களே" என்று அழைத்து, உங்களைக் குறித்து நன்மையானவற்றையே நம்புகிறோம் என்று அதே ஆசிரியர் எழுதுகிறார். பயந்தவர்கள் பெரும்பாலும் 6ஆம் வசனத்திலேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

ஆறாம் படி: சபைக்குத் திரும்புதல்

"எந்த முகத்தோடு போய் நிற்பேன்?" என்ற கேள்வி இங்கே எழும். கேள்வி புதிதன்று. கி.பி. 250இல் ரோமப் பேரரசன் டேசியஸ், எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டுமென்று ஆணையிட்டபோது, ஏராளமான கிறிஸ்தவர்கள் பயந்து பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலேயே பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். அப்படிப்பட்ட சான்றிதழ்கள் பாப்பிரஸ் தாள்களில் எழுதப்பட்டவை எகிப்தின் மணலிலிருந்து கிடைத்திருக்கின்றன. துன்புறுத்தல் ஓய்ந்ததும் அவர்கள் சபைக் கதவைத் தட்டினார்கள். விழுந்தவர்களைத் திரும்பச் சேர்க்கச் சபைக்கு ஒருபோதும் அதிகாரமில்லை என்று ரோமாபுரியில் நொவேஷியன் வாதிட்டுத் தனிக்கூட்டம் அமைத்தார். கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான், தவம் செய்வித்துச் சேர்த்துக்கொள்ளும் வழியை ஆதரித்தார். திருச்சபை சிப்ரியானின் பக்கமே நின்றது.

325இல் கூடிய நிசேயா சங்கம், வற்புறுத்தல் இல்லாமலேயே விசுவாசத்தை மறுதலித்தவர்களுக்கு வகுத்த விதி இன்னும் இருக்கிறது: 3 ஆண்டுகள் வசனம் கேட்போர் நடுவில், 7 ஆண்டுகள் பணிந்து மன்றாடுவோர் நடுவில், 2 ஆண்டுகள் திருவிருந்தில்லாமல் ஜெபத்தில் மட்டும் பங்கு. மொத்தம் 12 ஆண்டுகள். இன்று நமக்கு அது கடுமையாகத் தோன்றுகிறது. ஆனால் சாகுந்தறுவாயில் இருப்பவருக்கு அந்தக் கணக்கை எல்லாம் ஒதுக்கிவைத்துத் திருவிருந்தைக் கொடுக்க வேண்டும் என்றும் அதே சங்கம் விதித்தது. வழி நீளமாக இருந்தது, கதவு மூடியிருக்கவில்லை.

ஆகவே போங்கள். முதல் சில வாரங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறியதும் எழுந்து வந்துவிட்டாலும் தவறில்லை. "இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள்?" என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு வரியை முன்பே தயார் செய்துகொள்ளுங்கள், "கொஞ்சம் தூரமாகப் போயிருந்தேன், இப்போது வந்துவிட்டேன்" என்பது எனக்கு உதவியது. முழுக் கதையையும் வாசற்படியில் நின்று சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. சாட்சி சொல்லும்படி உடனே மேடையில் ஏற்ற நினைக்கிறவர்களிடம் பணிவாக மறுத்துவிடுங்கள். ஆறாத புண்ணைக் காட்டுவது புண்ணுக்கு நல்லதல்ல. சபையாரால் காயப்பட்டவர்கள் அதே சபைக்குத்தான் திரும்ப வேண்டும் என்பதில்லை.

உங்களைச் சேர்த்துக்கொள்ளப்போகிறவர்களுக்கும் வேதம் ஒரு கட்டளை வைத்திருக்கிறது. குற்றத்தில் அகப்பட்டவனைச் சாந்தமுள்ள ஆவியோடே சீர்பொருந்தப்பண்ணுங்கள் என்று கலாத்தியர் 6:1 சொல்லுகிறது. கிரேக்க மூலத்தில் அங்கே உள்ள வினைச்சொல்தான் மத்தேயு 4:21இல், யாக்கோபும் யோவானும் வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற இடத்திலும் வருகிறது. கிழிந்த வலையைப் பழுதுபார்க்கிறவர் அதை உதறுவதில்லை; மடியில் போட்டுக்கொண்டு, கண்ணி கண்ணியாக விரல்களால் தடவி, அறுந்த இடத்தைக் கண்டுபிடித்து முடிச்சுப் போடுகிறார். அப்படி உங்களைக் கையாளுகிற ஒருவர் சபையில் இருந்தால் அந்தச் சபையே உங்களுக்கு ஏற்றது.

ஏழாம் படி: விழுந்த இடத்தைத் திரும்பிப் பார்க்கத் தயாராகுங்கள்

இது எளிதான படி அன்று. சில மாதங்கள் சென்ற பிறகே வரும். யோவான் நற்செய்தியில் கரிநெருப்பு இரண்டு முறை வருகிறது. 18ஆம் அதிகாரத்தில், குளிரான இரவில், பிரதான ஆசாரியனுடைய அரமனை முற்றத்தில், வேலைக்காரர் மூட்டின கரிநெருப்பின் அருகே நின்று குளிர்காய்ந்துகொண்டே பேதுரு இயேசுவை மறுதலித்தான். 21ஆம் அதிகாரத்தில், இரவு முழுவதும் ஒன்றும் அகப்படாமல், விடிந்தபோது வலையில் 153 பெரிய மீன்கள் அகப்பட, கரையேறினவன் முதலில் கண்டது கரிநெருப்பு, அதின்மேல் மீன், அருகே அப்பம். நெருப்பை மூட்டியவர் இயேசு. அந்த வாசனை பேதுருவின் மூக்கில் ஏறியபோது அவனுக்கு எந்த இரவு நினைவுக்கு வந்திருக்கும் என்று யோவான் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

அவர் கேள்வி கேட்பதற்கு முன்னால் காலை உணவு கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள். சாப்பிட்ட பிறகு, மூன்று முறை மறுதலித்தவனிடம் மூன்று முறை, "என்னில் அன்பாயிருக்கிறாயா?" என்று கேட்டார். மூன்றாந்தரம் கேட்டபோது பேதுரு துக்கப்பட்டான். அந்தத் துக்கத்தை அவர் தவிர்க்கவில்லை. ஆனால் "ஏன் அப்படிச் செய்தாய்?" என்று ஒருமுறையும் கேட்கவில்லை, இனிமேல் அப்படிச் செய்யமாட்டேன் என்ற சத்தியத்தையும் வாங்கவில்லை. முன்பு எல்லாரும் இடறலடைந்தாலும் நான் இடறலடையேன் என்று சொன்னவன், இப்போது தன் அன்புக்கு அவருடைய அறிவையே சாட்சியாக வைக்கிறான்: "ஆண்டவரே, நீர் எல்லாவற்றையும் அறிவீர்." ஒவ்வொரு விடைக்கும் பின்னால் அவர் ஒரு வேலையைக் கொடுத்தார்: என் ஆடுகளை மேய்ப்பாயாக.

நடைமுறையில் இதைச் செய்ய, முதற்படியில் எழுதிய தாளை மறுபடியும் எடுங்கள். இழந்த இடத்தைத் தனிமையில் நிதானமாக நினைவில் கொண்டுவந்து, அந்த இடத்தில் இயேசு நெருப்பு மூட்டி உட்கார்ந்திருப்பதாக எண்ணி, அவர் கேட்கும் ஒரே கேள்விக்கு உங்களால் இயன்ற விடையைச் சொல்லுங்கள். "அன்பாயிருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை" என்பதும் விடைதான். வன்முறையையோ கொடிய அதிர்ச்சியையோ அனுபவித்தவர்கள் இதைத் தனியாகச் செய்யாமல், பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரோடு செய்ய வேண்டும்.

திரும்ப வராதவை

மன்னிப்பு வந்த பிறகும் விளைவுகள் சில நிற்கும். தாவீதின் பாவத்தைக் கர்த்தர் நீக்கினார் என்று தீர்க்கதரிசி நாத்தான் அறிவித்த அதே பேச்சில்தான் பிள்ளையின் மரணமும் அறிவிக்கப்பட்டது. உடைந்த திருமணம் சேராமல் போகலாம். ஊழியத்தில் நம்பிக்கைத் துரோகம் செய்தவர் சபையின் ஐக்கியத்துக்குத் திரும்பலாம், அதே பொறுப்புக்குத் திரும்ப வேண்டும் என்ற கட்டாயமில்லை. இரண்டையும் ஒன்றாக்கி, "மன்னித்துவிட்டீர்கள் என்றால் பதவியையும் கொடுங்கள்" என்று கேட்பது கிருபையைப் பேரமாக்குவதாகும்.

முதன்முதலில் விசுவாசித்த நாட்களின் அந்தக் கொதிப்பும் அதே உருவில் வராமல் போகலாம். கி.மு. 586இல் எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்டு ஏறத்தாழ 50 ஆண்டுகளுக்குப் பின் புதிய அஸ்திபாரம் போட்டபோது, முந்தின ஆலயத்தைக் கண்டிருந்த முதியவர்கள் மகா சத்தமிட்டு அழுதார்கள், மற்றவர்கள் மகிழ்ச்சியினால் ஆர்ப்பரித்தார்கள்; எது அழுகை, எது ஆர்ப்பரிப்பு என்று பகுத்தறிய முடியவில்லை என்று எஸ்றா 3ஆம் அதிகாரம் சொல்லுகிறது. அழுதவர்களை யாரும் அங்கே கடிந்துகொள்ளவில்லை. திரும்பிவந்த முதல் ஆண்டில் உங்களுக்குள்ளும் இந்த இரண்டு சத்தங்களும் சேர்ந்தே கேட்கும்.

எட்டாம் படி: மறுபடியும் இடறினால்

இடறுவீர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட ஜெபம் ஒரு வாரம் நின்றுபோகும், பழைய பாவம் ஒரு நாள் எட்டிப்பார்க்கும். அப்போது முதற்படிக்குப் போய்ப் புதிதாகத் தொடங்க வேண்டாம். நான்காம் படியில் உள்ள ஒருவரி ஜெபத்தை அன்றைக்கே சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருங்கள். நின்ற நாட்களைக் கணக்கிட்டு ஈடுகட்ட முயலாதீர்கள். உங்களுக்குத் துணையாக இருப்பவரிடம் 24 மணி நேரத்துக்குள் சொல்லிவிடுவது நல்ல பழக்கம். மறைக்கும் நாட்கள் கூடக் கூடச் சொல்வது கடினமாகிறது.

இடறினவர்களுக்கு அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு துணைவர் உண்டு. மாற்கு என்னும் மறுபேர்கொண்ட யோவான், பவுலோடும் பர்னபாவோடும் புறப்பட்டு, பம்பிலியாவிலிருந்து வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப்போனான். அடுத்த பயணத்துக்கு அவனை அழைத்துச் செல்ல பவுல் மறுத்ததனால் பவுலும் பர்னபாவும் பிரிந்தே போனார்கள். பர்னபா அவனைத் தன்னோடு சேர்த்துக்கொண்டான். பின்னாளில், தன் கடைசி நிருபத்தில், ஊழியத்தில் எனக்கு அவன் பிரயோஜனமுள்ளவன், கூட்டிக்கொண்டுவா என்று அதே பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார்.

இரண்டாம் நற்செய்தியை எழுதியவர் இந்த மாற்குதான் என்றும், பேதுரு சொல்லக் கேட்டே எழுதினார் என்றும் திருச்சபையின் தொன்மையான மரபு சொல்லுகிறது. அவருடைய நூலில் 16 அதிகாரங்கள் உள்ளன. சங்கீதங்களில் ஒரு மாதம் இருந்த பிறகு, நாளுக்கு ஓர் அதிகாரமாக அதை வாசியுங்கள். பதினாறாம் நாளில், வெறுமையான கல்லறைக்குள் வெள்ளை அங்கி தரித்த வாலிபன் பெண்களிடம் செய்தி சொல்லி அனுப்பும் இடத்துக்கு வருவீர்கள். மத்தேயு அந்தச் செய்தியைச் சீஷர்களுக்கு என்று மட்டும் குறிக்கிறார். மாற்குவில் மட்டும் ஒரு பெயர் கூடுதலாக இருக்கிறது: அவருடைய சீஷரிடத்திற்கும் பேதுருவினிடத்திற்கும் போய்ச் சொல்லுங்கள்.